துப்பாக்கி ஆட்டத்தின் வரவு செலவு

2018 ஜனவரி 28. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து அகானிஸ் அரங்கில் கவுன்டர்-ஸ்ட்ரைக் என்ற கணினித் துப்பாக்கி ஆட்டத்தின் மிகப் பெரிய பட்டமான மேஜருக்கான இறுதிப் போட்டி. மிராஜ் என்ற களத்தில் ஃபேஸ் அணி 16-14 என்று வென்றது. ஓவர்பாஸ் களத்தில் க்ளவுட் 9 அணி 16-10 என்று பதிலடி கொடுத்தது. மூன்றாவது ஆட்டம் இன்ஃபெர்னோ களத்தில். அதில் ஃபேஸ் 15-11 என்று முன்னே நிற்கிறது. முதலில் 16 சுற்று வென்றவருக்குப் பட்டமும் 5 லட்சம் டாலரும். ஃபேஸுக்கு இன்னும் ஒரே ஒரு சுற்றுதான் தேவை. அதை எடுக்க நான்கு வாய்ப்புகள் மிச்சம்.

நான்கும் கைநழுவின. 15-15. கூடுதலாகக் கொடுத்த ஆறு சுற்றுகளும் சமமாகப் பிரிந்தன. அடுத்த கூடுதலில் க்ளவுட் 9 முந்தி 22-19 என்று முடித்தது. வட அமெரிக்க அணி ஒன்று மேஜர் பட்டம் வென்றது அதுவே முதல் முறை. அதன் பிறகு இன்னொன்று வெல்லவில்லை. போட்டியை நடத்திய ஈலீக்கின் ட்விட்ச் அலைவரிசையில் மட்டும் ஒரே நேரத்தில் 11 லட்சம் பேருக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனைக்கும் க்ளவுட் 9 அந்தத் தொடரின் இரண்டாம் கட்டத்தில் முதல் இரண்டு ஆட்டங்களையும் தோற்று, இன்னொன்று தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டிய நிலையிலிருந்து எழுந்து வந்த அணி.

மறுநாள் எழுதியவர்கள் எல்லாம் வீரர்களின் கைவேகத்தையும் நெஞ்சுரத்தையும் புகழ்ந்தார்கள். புகழ வேண்டியதுதான். ஆனால் இதைச் சுடுகிற ஆட்டமாக மட்டும் பார்ப்பவருக்கு அந்தத் திருப்பம் அதிசயமாகவே நின்றுவிடும். பண ஆட்டமாகப் பார்த்தால் பாதி அதிசயம் விளங்கும். கவுன்டர்-ஸ்ட்ரைக்கின் உயிர் அதன் வரவு செலவில் இருக்கிறது என்பது என் கட்சி. களத்துக்குள்ளே ஓடுவது ஒரு கணக்கு. மேஜர் என்ற திருவிழாவை வெளியிலிருந்து தூக்கி நிறுத்துவது இன்னொரு கணக்கு. இரண்டையும் எழுதுவது ஒரே நிறுவனம்.

முதலில் உள்ளே ஓடும் கணக்கு. ஐந்து பேர் தாக்குவார்கள், ஐந்து பேர் காப்பார்கள். ஏ, பி என்று இரண்டு இடங்கள். தாக்குபவர்கள் ஏதாவது ஒன்றில் குண்டு வைக்க வேண்டும், வைத்தால் 40 நொடியில் வெடிக்கும். காப்பவர்கள் வைக்கவிடாமல் தடுக்கலாம், அல்லது வைத்த குண்டைச் செயலிழக்கச் செய்யலாம். வெறுங்கையால் என்றால் அதற்கு 10 நொடி, 400 டாலர் கொடுத்துக் கருவி வாங்கியிருந்தால் 5 நொடி. சுற்றுக்கு 1 நிமிடம் 55 நொடி. செத்தவர் அடுத்த சுற்று வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். பாஸ்டன் காலத்தில் மொத்தம் 30 சுற்று, 15 முடிந்ததும் பக்கம் மாறும். 2023இல் வந்த கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 அதை 24 ஆகக் குறைத்துவிட்டது.

ஒவ்வொரு சுற்றும் ஒரு கடையோடு திறக்கும். முதல் சுற்றில் ஆளுக்கு 800 டாலர். இலவசமாகக் கிடைக்கும் கைத்துப்பாக்கியோடு 650 டாலர் மார்புக் கவசம் ஒன்றை எடுத்தால் ஏறக்குறையத் தீர்ந்தது. ஏ.கே. 47 வேண்டுமென்றால் 2,700. கவசமும் தலைக்கவசமும் சேர்த்து 1,000. புகைக்குண்டு, கண்கூசும் குண்டு, தீக்குண்டு என்று சேர்த்தால் 4,600 டாலரைத் தொடும். ஏ.டபிள்யூ.பி. என்ற பெரிய ஸ்னைப்பர் துப்பாக்கி மட்டுமே 4,750. இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? எதிராளிகள் எல்லாரையும் வீழ்த்தி வென்றால் ஆளுக்கு 3,250. குண்டு வெடித்து வென்றால் 3,500. ஒருவரைக் கொன்றால் சாதாரணத் துப்பாக்கிக்கு 300, சப்-மெஷின் துப்பாக்கிக்கு 600, கத்திக்கு 1,500, அந்தப் பெரிய ஸ்னைப்பருக்கு வெறும் 100. வலிய ஆயுதத்துக்குக் குறைந்த கூலி, மெலிய ஆயுதத்துக்கு நிறையக் கூலி. சமன் குலையாமல் காக்கும் இந்த ஏற்பாட்டை யோசித்தவர் துப்பாக்கி நிபுணராக இருந்திருக்க வாய்ப்பில்லை, நல்ல கணக்குப்பிள்ளையாக இருந்திருப்பார்.

தோற்றவருக்கும் பணம் உண்டு. பாஸ்டன் நாளின் விதிப்படி முதல் தோல்விக்கு ஆளுக்கு 1,400. தொடர்ந்து தோற்றால் 1,900, 2,400 என்று 500 வீதம் ஏறி 3,400இல் நிற்கும். தாக்குபவர்கள் தோற்றாலும் குண்டை வைத்துவிட்டிருந்தால் ஆளுக்கு 800 கூடுதல். ஆனால் குண்டும் வைக்காமல், நேரம் முடியும் வரை உயிரைக் காப்பாற்றிக்கொண்டு ஒளிந்திருந்த தாக்குதல்காரருக்குச் சல்லிக்காசு கிடையாது. ஆக, எப்போது சாவது, எப்போது பிழைத்துத் துப்பாக்கியைக் காப்பாற்றுவது என்பதே ஒரு கலை. நான்கு பேருக்கு எதிராகத் தனியே நிற்கும் வீரர் ஏ.டபிள்யூ.பி.யைத் தூக்கிக்கொண்டு மூலையில் பதுங்குவதைப் பார்க்கும் புதியவர் கோழை என்பார். கூட விளையாடுகிறவர்கள் ‘சேவ் பண்ணு’ என்று அவரைக் கெஞ்சிக்கொண்டிருப்பார்கள். காசில்லாத சுற்றில் எதையும் வாங்காமல் வேண்டுமென்றே வெறுங்கையோடு போவதற்கு ‘ஈகோ’ என்று பெயர், எகானமி என்பதன் சுருக்கம். இருப்பதையெல்லாம் துடைத்து அரைகுறையாக வாங்கி முட்டிப் பார்ப்பது ‘ஃபோர்ஸ்’. அணித் தலைவர்களின் தலைவலியில் பாதி, அடுத்த சுற்றுக்கு இந்த இரண்டில் எது என்பதுதான்.

இப்போது 15-11ஐ மறுபடி பாருங்கள். அன்றைய விதியில் ஒரு நுணுக்கம் இருந்தது: ஒரே ஒரு சுற்று வென்றால் போதும், தோல்வி உதவித்தொகை அடிமட்டத்துக்குச் சரிந்துவிடும். வரிசையாக வென்றுகொண்டிருக்கும் அணி திடீரென்று ஒரு சுற்றில் ஐவரையும் பறிகொடுத்தால் கையில் வருவது ஆளுக்கு 1,400. முந்தைய சுற்றில் முழுக்க வாங்கிச் செலவழித்திருந்து மிச்சம் 1,000 இருக்கிறது என்று வையுங்கள். மொத்தம் 2,400. ஏ.கே. கூட வாங்க முடியாது. அடுத்த சுற்று அரைகுறை ஆயுதத்தோடு. அதுவும் போகும். ஒரு தோல்வி இன்னொன்றைக் கையோடு இழுத்து வரும். முன்னணியில் நிற்பவனின் கால்தான் வழுக்கும்படி அமைந்த விதி அது. பாஸ்டனில் நடந்ததற்கு இது ஒன்றே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. சுட்டவர்கள் சுட்டார்கள். தொடரின் சிறந்த வீரராகத் தேர்வான தாரிக் செலிக் கணக்கு விதியால் அந்தப் பெயரை வாங்கவில்லை. ஆனால் 2019 மார்ச்சில் ஆட்டத்தின் சொந்தக்காரரான வால்வ் நிறுவனம் அந்த விதியை மாற்றியது. வென்றால் உதவித்தொகை ஒரு படிதான் இறங்கும், அடிமட்டத்துக்குச் சரியாது. அப்புறம் அதே 15-11 அதே அளவு ஆபத்தானதாக இல்லை. கால்பந்தில் கோல் கம்பத்தின் அகலத்தை ஒரு நிறுவனம் ஒரு புதன்கிழமை அறிவிப்பில் மாற்றிவிட முடியுமா? இங்கே முடியும்.

இந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது என்பதற்குக் கொஞ்சம் பழைய கதை வேண்டும். கவுன்டர்-ஸ்ட்ரைக்கை உண்டாக்கியது பெரிய நிறுவனம் அல்ல. வியட்நாமில் பிறந்து கனடாவில் வளர்ந்த மின் லே என்ற மாணவரும் ஜெஸ் கிளிஃப் என்ற அமெரிக்கரும், வால்வின் ஹாஃப்-லைஃப் ஆட்டத்தின் மேல் ஒட்டுக் கட்டி 1999இல் இணையத்தில் இலவசமாக விட்டார்கள். கூட்டம் சேர்ந்தது. வால்வ் அதை வாங்கி, இருவரையும் வேலைக்கு எடுத்து, 2000 நவம்பரில் கடைக்கு அனுப்பியது. அடுத்த ஆண்டே டல்லஸ் நகரில் சி.பி.எல். போட்டியை ஸ்வீடனின் நிஞ்சாஸ் இன் பைஜாமாஸ் வென்றது. அன்றைய போட்டிகள் எல்லாம் கேபிள்களும் குளிர்பானப் புட்டிகளும் இறைந்து கிடந்த கூடங்களில், கணினிப் பாகம் விற்கும் நிறுவனங்களின் தயவில் நடந்தவை. பல நேரம் பரிசுப்பணம் வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். வால்வ் பத்தாண்டுக்கு மேல் இந்தப் பக்கமே திரும்பிப் பார்க்கவில்லை.

2013 ஆகஸ்ட்டில்தான் திரும்பியது, கையில் ஒரு பெட்டியோடு. சாவி 2.49 டாலர். திறந்தால் துப்பாக்கிக்குப் பூசும் வண்ணத் தோல், ‘ஸ்கின்’, ஏதாவது ஒன்று விழும். அதனால் துப்பாக்கி கூடுதலாகச் சுடாது, வேகமாகவும் சுடாது. அழகு மட்டும். ஒருவகைப் பெட்டியின் வருமானத்தில் ஒரு பகுதி போட்டிப் பரிசுக்குப் போகும் என்றார்கள். அந்த ஆண்டு நவம்பரில் ஸ்வீடனின் யான்ஷாப்பிங் நகரில் நடந்த முதல் மேஜரின் 2,50,000 டாலர் பரிசு இப்படி ஆட்டக்காரர்களின் பையிலிருந்து திரண்டது. வென்றது ஃப்னாட்டிக். 2016இல் கொலம்பஸ் மேஜரிலிருந்து பரிசு 10 லட்சம் டாலர் ஆயிற்று. பெருந்தொற்றில் இரண்டு ஆண்டுக்கு மேல் மேஜரே இல்லாமல் போய், 2021 நவம்பரில் ஸ்டாக்ஹோமில் திரும்பியபோது 20 லட்சம். அந்த இறுதிப் போட்டியை ஒரே நேரத்தில் 27 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள்.

ஆனால் பரிசுப்பணத்தைப் பார்த்து மேஜரை எடைபோடக் கூடாது. உண்மையான பணம் ஸ்டிக்கரில். 2014 மார்ச்சில் போலந்தின் கட்டோவிட்சே நகரத்து ஸ்போடெக் அரங்கில் இரண்டாவது மேஜர் நடந்தபோது, பங்கேற்ற அணிகளின் சின்னங்களைத் துப்பாக்கியில் ஒட்டும் ஸ்டிக்கர்களாக வால்வ் விற்றது. பின்னால் வீரர்களின் கையெழுத்துகளும் வந்தன. விற்பனையில் பாதி அணிகளுக்கும் வீரர்களுக்கும். 2023இல் பாரிஸ் மேஜரின் பரிசுத்தொகை 12.5 லட்சம் டாலர். அதே மேஜரின் ஸ்டிக்கர் முதலியவற்றால் வீரர்களுக்கும் அணிகளுக்கும் போன தொகை 11 கோடி டாலர் என்று வால்வ் சொன்னது. எண்பது மடங்குக்கு மேல். கோப்பையைத் தூக்குவதைவிட உள்ளே நுழைவதற்குத்தான் மதிப்பு அதிகம். தகுதிச்சுற்றில் கடைசி இடத்துக்காக மோதும் சிற்றணிகளின் முகத்தில் இறுதிப் போட்டியில் கூடக் காணாத வெளிறல் ஏன் என்று இப்போது புரியும்.

கட்டோவிட்சே ஸ்டிக்கர்களைப் பற்றி ஒரு கிளைக்கதை சொல்லாமல் நகர முடியாது. அன்று ஒரு டாலருக்கும் குறைவான விலையில் ஓர் உறை. இன்று அவற்றில் சில பல்லாயிரம் டாலருக்குப் போகின்றன. மிக விலையுயர்ந்தவை இரண்டு அணிகளின் மினுமினுப்பு ஸ்டிக்கர்கள்: அமெரிக்காவின் ஐபைபவர், பிரான்ஸின் டைட்டன். இரண்டும் அவமானப்பட்டுப் போன அணிகள். டைட்டன் வீரர் ஒருவர் ஏமாற்று மென்பொருள் பயன்படுத்தியதாக 2014 நவம்பரில் தடைசெய்யப்பட்டார், அணி அதே மாதம் நடந்த குளிர்கால மேஜரிலிருந்தே வெளியேற்றப்பட்டது. ஐபைபவர் கதை இன்னும் நீளம். 2014 ஆகஸ்ட்டில், வட அமெரிக்காவின் வலிய அணியாக இருந்தும், ஒரு சாதாரண அணியிடம் 16-4 என்று தோற்றது. வேண்டுமென்றே தோற்றார்கள் என்பதற்கான சான்றுகளை ரிச்சர்ட் லூயிஸ் என்ற பத்திரிகையாளர் 2015 ஜனவரியில் வெளியிட்டார். பந்தயம் கட்டியது பணத்தில் அல்ல, துப்பாக்கித் தோல்களில். லஞ்சமும் தோல்களாகவே கைமாறியது. தன் சந்தையின் பரிமாற்றப் பதிவுகளை வால்வே புரட்டிப் பார்த்தது. சம்பந்தப்பட்டவர்களுக்குத் தடை விதித்து, ஓராண்டு கழித்து அதை நிரந்தரமாக்கியது.

ஐவரில் ஒருவர் பெயர் மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை. டைலர் லேத்தம், ஆட்டப் பெயர் ஸ்காடூடுல். அவருக்குத் தோல்கள் போய்ச் சேர்ந்ததாகப் பதிவில்லை. நால்வரின் வாழ்க்கை அங்கே நின்றது. அவருடையது தொடர்ந்தது. 2018இல் பாஸ்டன் மேடையில் க்ளவுட் 9க்காக ஸ்னைப்பரைப் பிடித்து நின்றவர் அவர்தான். அந்த நால்வருக்கு 2017இல் ஈ.எஸ்.எல். என்ற போட்டி நடத்தும் நிறுவனம் தன் போட்டிகளின் கதவைத் திறந்துவிட்டது. வால்வ் திறக்கவில்லை. மற்ற போட்டிகளில் ஆட முடிந்தது, மேஜரில் முடியவில்லை. மேல்முறையீட்டுக்கு மன்றம் இல்லை, சங்கம் இல்லை. தண்டனை சரியா தவறா என்பது வேறு பேச்சு. இருபது வயதுப் பையன்கள் செய்த தவறுக்கு ஆயுள் தண்டனை என்பது எனக்குக் கூடுதலாகவே படுகிறது. அதைக் கேட்க யாரிடம் போவது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

பாஸ்டனில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவருக்கும் பழைய கணக்கு இருந்தது. ஃபேஸ் அணியின் ஓலோஃப் கைபியர் 2014இல் ஃப்னாட்டிக்கில் இருந்தார். டைட்டன் வெளியேற்றப்பட்ட அந்தக் குளிர்கால மேஜரின் கால் இறுதியில் பிரான்ஸின் எல்.டி.எல்.சி. அணியிடம் 3-13 என்று ஃப்னாட்டிக் திணறிக்கொண்டிருந்தது. அப்போது ஓவர்பாஸ் களத்தில் மூன்று பேர் ஒருவர் தோள்மேல் ஒருவராக ஏறி நின்று, ஓலோஃபை யாரும் எட்டாத உயரத்துக்கு ஏற்றினார்கள். அங்கிருந்து களத்தின் பெரும்பகுதி தெரிந்தது. ஆட்டத்தைப் புரட்டி 16-13 என்று வென்றார்கள். கண்ணுக்குத் தெரியாத விளிம்பில் நிற்பது விதிமீறல் என்று புகார் போனது. எல்.டி.எல்.சி.யும் அதேபோல் ஓர் இடத்தில் ஏறியிருந்தது என்று எதிர்ப்புகார். மொத்த ஆட்டத்தையும் மறுபடி ஆடச் சொன்னார்கள். ஃப்னாட்டிக் ஆட மறுத்து விலகியது. எல்.டி.எல்.சி. பட்டமே வென்றுவிட்டது. சில நாளில் வால்வ் களத்தைத் திருத்தி அந்த ஓட்டையை அடைத்தது. குற்றம் ஆட்டக்காரருடையதா, அந்த விளிம்பை விட்டுவைத்த கட்டடக்காரருடையதா என்று இன்றும் சண்டை போடுகிறார்கள். எனக்கு இது பிடிக்கும். மைதானமே ஒரு மென்பொருள் என்பதால் மைதானத்துக்கும் பிழை உண்டு, அந்தப் பிழையைக் கண்டுபிடிப்பதும் ஒரு பயிற்சி.

பிழையைக் கண்டவர்கள் எல்லாம் தோள்மேல் ஏறிக் காட்டவில்லை. சில பயிற்சியாளர்களின் பார்வைக் கோணம் ஒரு கோளாறால் களத்தின் ஓரிடத்தில் உறைந்து நின்று, எதிராளிகளின் நடமாட்டம் அவர்களுக்குத் தெரிந்துகொண்டிருந்தது. சொல்லாமல் வைத்துக்கொண்டார்கள். பழைய ஆட்டப் பதிவுகளை ஆயிரக்கணக்கில் சலித்து அதைப் பிடித்தார்கள். 2020 செப்டம்பரில் 37 பயிற்சியாளர்களுக்கு ஒரே அறிவிப்பில் தடை. இந்தியாவின் பெயரும் இந்த விஷயத்தில் உலகச் செய்தியானது உண்டு. 2018 அக்டோபரில் ஷாங்காயில் நடந்த எக்ஸ்ட்ரீம்ஸ்லேண்ட் போட்டியில் இந்திய வீரர் ஒருவரின் கணினியில், குறிபார்க்க உதவும் ஏமாற்று மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தது. கோப்பின் பெயர் வேர்ட். எழுதும் மென்பொருளின் பெயரில். நடுவர் அருகில் வந்ததும் அவர் அவசரமாக அதை அழிக்கப் பார்த்த காணொளி இணையமெங்கும் சுற்றியது. அணி தகுதி இழந்தது. அணியை நடத்திய நிறுவனம் தன் இந்தியப் பிரிவையே கலைத்தது. ஒன்றும் செய்யாத மற்ற நான்கு பேரும் வேலை இழந்தார்கள்.

அரங்கில் உட்கார்ந்து பார்ப்பவர்களும் இந்த ஆட்டத்தில் ஓர் ஆபத்துதான். பெரிய திரையில் இரண்டு அணியினரும் சுவரை ஊடுருவித் தெரிவார்கள். புகைக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்று கூட்டத்துக்குத் தெரியும், வீரருக்குத் தெரியாது. சினிமாக் கொட்டகையில் ‘பின்னாடி பாருடா’ என்று கத்துவது போல இங்கும் கத்துவார்கள். வித்தியாசம், இங்கே கதாநாயகனுக்குக் கேட்டுவிடக் கூடும். அதனால் வீரர்கள் காதுக்குள் ஒரு கருவி, அதன் மேல் பெரிய ஹெட்செட், வெளிச்சத்தம் புகாமலிருக்க இடையறாத இரைச்சல் என்று அடைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். அப்படியும் ஆயிரம் பேர் ஒன்றாக மூச்சை இழுத்தால் மேடைப் பலகை அதிர்கிறது என்கிறவர்கள் உண்டு. 2022இல் ரியோவில் நடந்த மேஜரில் உள்ளூர்க் கூட்டத்தின் ஆரவாரம் எதிரணிகளுக்குப் பெரும் சோதனையாக இருந்தது.

கொலை ஆட்டத்தை விளையாட்டு என்று எப்படி ஏற்பது என்ற கேள்வியும் விட்டபாடில்லை. 2018இல் ஜகார்த்தாவில் ஒலிம்பிக் குழுத் தலைவர் தாமஸ் பாக், கொலையைக் காட்டும் ஆட்டங்களுக்கு ஒலிம்பிக்கில் இடமில்லை என்றார். அவர் 1976இல் வாள்வீச்சில் தங்கம் வென்றவர். வாளும் ஒரு காலத்தில் ஆளைக் கொல்லும் கருவிதான் என்று எடுத்துக்காட்டியதற்கு, அதன் நாகரிகமடைந்த வடிவமே விளையாட்டு என்று பதில் வந்தது. ஹாங்ஜோவில் 2023இல் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் பப்ஜி மொபைல் இடம்பெற்றது. அதில் வீரர்கள் ஒருவரையொருவர் சுடவில்லை, இலக்குப் பலகைகளைச் சுட்டார்கள். சமரசங்களிலேயே விசித்திரமான சமரசம். ரத்தத்தைத் துடைத்துவிட்டுத் துப்பாக்கியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் எனக்கு உறுத்துவது ரத்தமே அல்ல. அந்தப் பெட்டி.

சீனச் சட்டத்தின் கட்டாயத்தால் 2017இல் அங்கே பெட்டியின் வாய்ப்புக் கணக்கை வெளியிட நேர்ந்தது. கத்தி போன்ற அரிய பொருள் விழும் வாய்ப்பு 0.26 சதவீதம். அதாவது சராசரியாகக் கிட்டத்தட்ட 400 சாவிக்கு ஒரு கத்தி. ஏறத்தாழ 80 சதவீதம் பெட்டிகளில் மிக மலிவான ரகம்தான். கிடைத்ததை வால்வின் சந்தையில் விற்றால் 15 சதவீதம் கட்டணம். அதே பொருள் எத்தனை முறை கைமாறினாலும் ஒவ்வொரு முறையும் 15 சதவீதம். பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018இல் இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்றே தீர்மானித்தது. அந்நாட்டில் பெட்டி திறப்பதை வால்வ் நிறுத்தியது. நான்கு ஆண்டு கழித்து மேஜர் போட்டி நடந்தது அதே பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரில். பெட்டிப் பணத்தில் பிறந்த திருவிழா, பெட்டி திறக்க முடியாத ஊரில்.

அந்த ஆன்ட்வெர்ப்பில்தான் பாஸ்டனின் காயம் இருவருக்கு ஆறியது. டென்மார்க்கின் ஃபின் ஆண்டர்சன், நார்வேயின் ஹோவர்ட் நியூகோர். 2018இல் தோற்ற ஃபேஸில் இருந்த இருவரும் 2022இல் அதே ஃபேஸின் புதிய அணியோடு நாவி அணியை 2-0 என்று வென்றார்கள். தொடரின் சிறந்த வீரர் நியூகோர். ஐந்து பேரும் ஐந்து நாட்டவராக இருந்த கலப்பு அணி மேஜர் வென்றது அதுவே முதல் முறை. அதே பாஸ்டன் அணியிலிருந்த போஸ்னியாவின் நிகோலா கோவாச் மேஜர் பட்டத்துக்காக அதன் பின்னும் பல ஆண்டு காத்திருக்க நேர்ந்தது. ஸ்டாக்ஹோம் இறுதியில், ஆட்டத்தையே தன் அணி பக்கம் திருப்பியிருக்கக்கூடிய ஒரு கைத்துப்பாக்கிக் குறி அவருக்குத் தவறியது. அந்த ஆட்டம் போனது 22-19 என்று. பாஸ்டனில் தோற்ற அதே எண்கள்.

2025 அக்டோபரில் வால்வ் ஒரு சிறு மாற்றம் அறிவித்தது. சிவப்பு ரகத் தோல்கள் ஐந்தைக் கொடுத்தால் கத்தியோ கையுறையோ வாங்கிக்கொள்ளலாம். அரிதாக இருந்தது அரிதில்லாமல் போனது. ஓரிரு நாளில் தோல் சந்தையின் மதிப்பில் சுமார் 200 கோடி டாலர் கரைந்தது என்று கணக்கிட்டார்கள். கத்திகளைச் சேமிப்பாக வைத்திருந்தவர்கள் தலையில் கைவைத்தார்கள். களத்துக்குள் தோல்வி உதவித்தொகையை 2019இல் மாற்றிய அதே கை, அதே பாணி: முன்னறிவிப்பு இல்லை, விளக்கம் இல்லை, திருத்தங்களின் பட்டியலில் ஒரு வரி.

அந்தக் கை நல்லதும் செய்திருக்கிறது, சொல்லியாக வேண்டும். பெரிய போட்டிகளை நடத்தும் நிறுவனங்கள் சில அணிகளோடு கூட்டு வைத்துக்கொண்டு அவற்றுக்கு நிரந்தர இடம் கொடுத்துவந்தன. தரமிருந்தும் சிற்றணிகளுக்கு வாசல் அடைபட்டது. 2025 முதல் அது கூடாது, தரவரிசைப்படியே அழைக்க வேண்டும் என்று 2023 ஆகஸ்ட்டில் வால்வ் அறிவித்தது. 2025 ஜூனில் டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் நடந்த மேஜரின் இறுதியில் பிரான்ஸின் வைட்டாலிட்டிக்கு எதிரே வந்து உட்கார்ந்தது தி மங்கோல்ஸ். சுமார் 35 லட்சம் மக்கள்தொகை கொண்ட மங்கோலியாவின் அணி. ஆசிய அணி ஒன்று மேஜர் இறுதியை எட்டியது அதுவே முதல் முறை. முதல் ஆட்டத்தை வென்று, அடுத்த இரண்டையும் இழந்து, 2-1 என்று தோற்றார்கள்.

இரண்டு மாதம் கழித்து ரியாத்தில் நடந்த ஈஸ்போர்ட்ஸ் உலகக் கோப்பையை மங்கோல்ஸ் வென்றது. அது மேஜர் அல்ல, வால்வ் பணமும் அல்ல. சவூதி அரசின் முதலீட்டு நிதியத்துக்குச் சொந்தமான ‘சாவ்வி’ என்ற நிறுவனம் 2022இல் ஈ.எஸ்.எல்., ஃபேஸிட் இரண்டையும் 150 கோடி டாலருக்கு வாங்கிவிட்டிருந்தது. உலகின் பெரிய கவுன்டர்-ஸ்ட்ரைக் போட்டிகள் பலவற்றை நடத்துவது இப்போது அவர்கள்தான். விதி எழுதுவது பெல்வியூவில் இருக்கும் வால்வ். மேடை போடும் பணம் ரியாத்திலிருந்து. வீரர்களுக்கென்று வலுவான சங்கம் எதுவும் இந்த இரண்டுக்கும் நடுவில் இன்னும் உருவாகவில்லை.